பின்சக்கரம் வாயை மூடிய வாரம்

என் பேத்தியின் சைக்கிள் மிதிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள விட்டால் போதும், பின்சக்கரத்தின் நடுவிலிருந்து கரகரவென்று ஆரம்பித்துவிடும். நூறு வெட்டுக்கிளிகளைப் பிடித்து ஒரு தகர டப்பாவில் அடைத்த மாதிரி இருக்கும். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ஏதோ உடைந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரி துக்கம் விசாரிக்க வந்தாள். இது மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள், இதன் ஹப் இப்படித்தான் கத்தும் என்று பேத்தி எங்கள் இருவருக்கும் விளக்கினாள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டதால், ஹப் என்றால் என்ன என்பது விளங்கவில்லை. சத்தம் மட்டும் நன்றாக விளங்கியது. இரண்டே நாளில் அந்தச் சத்தத்துக்கு ஒரு வேலையும் கொடுத்துவிட்டேன்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு மாவு மில் மூலையிலிருந்து என் வீட்டு வாசல் வரைக்கும் இறக்கம். பேத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேப்பில் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் குழாயில் பிடித்துச் சோதித்துவிட்டு, சாயங்காலம் சைக்கிளிலேயே திரும்பி வருவாள். மில் மூலை திரும்பியதும் மிதிப்பதை நிறுத்துவாள். கரகர தொடங்கும். அங்கிருந்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இருபது எண்ணிவிடலாம், நான் எண்ணியிருக்கிறேன். அந்த இருபதுக்குள் வாயில் இருப்பதை விழுங்கி, டப்பாவை மூடி, மல்லித்தூளுக்குப் பின்னால் தள்ளி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். உள்ளே வருகிறவளுக்குக் கண்ணில் படுவது, பாவம், ஒரு வயசான பொம்பளை உளுந்தில் கல் பொறுக்குவதுதான். அந்த ஒரு படி உளுந்தை நான் இரண்டு மாதமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

டப்பாவில் இருந்தது பால்கோவா. எனக்கு இருப்பது சுகர். மகளும் மருமகனும் வெளியூரில் வேலை பார்ப்பதால் என் வாயைக் காவல் காக்கிற பொறுப்பைப் பேத்தியிடம் கொடுத்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை விரலில் ஊசியால் குத்தி அவளே ரத்தம் எடுப்பாள். இரண்டு மாதமாக முடிவு மோசமாக வந்துகொண்டிருந்தது. நான் உளுந்தின் மேல் பழியைப் போட்டேன்.

பால்கோவாவை எனக்குக் கொண்டுவந்து தந்தது எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். நாற்பது வயசு, மூன்று பெண்களுக்குத் தகப்பன். உதிரி சாமான் வாங்க வாரம் ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போவான். அங்கேயிருந்து டியூப் கட்டுக்கு நடுவில் செருகி ஒரு பொட்டலம் வரும். பேத்தியின் சைக்கிளைப் பார்க்கிறவனும் அவன்தான். இரண்டு பக்கமும் வேலை செய்கிறவனை நம்பியது என் புத்தி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பா மடியில் இருந்தது. ஒரு பெரிய உருண்டை வாய்க்குள் இருந்தது. தெருவில் கரகர எதுவும் இல்லை. ஆகவே நிம்மதியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரித் தோன்றியது. திரும்பினால் பேத்தி. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

முந்தானையை டப்பாவின் மேல் இழுத்துவிட்டேன். வாயை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றினாள். எனக்கு நேரே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ம் என்றேன். மாத்திரை போட்டாயா என்றாள். அதற்கும் ம். அம்மா போன் பண்ணினாளா, என்ன சொன்னாள் என்றாள். அதற்கு ம் போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கண்ணை மூடித் தூங்கிப்போன மாதிரி தலையைச் சாய்த்தேன். உருண்டை தானாகவே கரைந்து தொண்டைக்குள் இறங்குகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அப்புறம் எழுந்து போய்ச் சோறு வடித்தாள். அன்றைக்கு அவள் பால்கோவாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சைக்கிள் ஏன் கத்தவில்லை என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டால் அத்தனை நாளும் அந்தச் சத்தத்தை வைத்து நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை முழுவதும் வீட்டில் அந்த ஊமைச் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பஞ்சில் சுற்றின மாதிரி ஓடியது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எனக்கு வைத்த பொறி அது என்பதில் சந்தேகமே இல்லை. கெட்டிக்காரிதான், என் ரத்தமல்லவா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரும் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு காலையில் அவள் மலையடிவாரத்துக்குப் போவாள். மாந்தோப்புகளுக்கு நடுவே கல்லும் கரடுமாக ஒரு பாதை ஏறிப்போகும். ஒரு பெரிய பாறை வரைக்கும் மிதித்து ஏறி, அங்கேயிருந்து மிதிக்காமல் ஒரே இறக்கமாக வந்து தோப்புக் காவல்காரரின் மோட்டார் ரூம் பக்கத்தில் நிற்பாள். அதற்காகத்தான் அந்தச் சைக்கிளே.

அந்தத் தோப்புப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் பேசாமல் நடக்க மாட்டார்கள். இரண்டு பேர் போனால் கத்திப் பேசிக்கொண்டு போவார்கள். தனியாகப் போகிறவர்கள் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரியே பேசிக்கொண்டு நடப்பார்கள். சம்பந்தியைத் திட்டுவார்கள், கோயில் வரி பேசுவார்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டால் மாடு விலை கேட்டு அதற்குப் பதிலும் அவர்களே சொல்வார்கள். மாம்பழக் காலத்தில் உதிர்ந்த பழத்துக்குக் கரடி இறங்கும். மனுஷன் வருகிறான் என்று தூரத்திலேயே காதில் விழுந்தால் அது தன் பாட்டுக்கு ஓடைக்குள் இறங்கிப் போய்விடும். திடீரென்று முன்னால் போய் நின்றால்தான் வம்பு. முகத்தில்தான் பாயும். காவல்காரர் சேத்தூர்க்காரர், என் புருஷன் வழியில் எனக்குக் கொழுந்தன் முறை. பேத்தியின் சைக்கிள் இறக்கத்தில் கத்திக்கொண்டு வந்ததை முதல் தடவை கேட்டபோது, இந்தப் பிள்ளை வாயே திறக்க வேண்டாம், சக்கரமே பேசிக்கொள்ளும் என்று சொன்னவர் அவர்தான்.

அவள் சைக்கிளை வாசலுக்கு உருட்டினாள். சத்தமில்லை. இப்படியே அந்த இறக்கத்தில் வரப்போகிறாளே என்று அப்போதுதான் உறைத்தது. சத்தம் இல்லாமல் அங்கே போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் இல்லை என்பது உனக்கெப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்பாள். கேட்டால் இரண்டு மாதத்து உளுந்து அம்புட்டும் வெளியே கொட்டும்.

“தண்ணி எடுத்துக்கிட்டியா?” என்றேன்.

“எடுத்துக்கிட்டேன் அம்மாச்சி.”

தலைக்கவசத்தின் வாரைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகத்தான் நிற்கிறாளோ என்று இருந்தது. நான் வாசல் தூணில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினேன். அவள் ஏறிப் போய்விட்டாள்.

கல் பொறுக்க உட்கார்ந்தேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிள் கடைக்குப் போனேன். அவன் அப்போதுதான் கடையைத் திறந்து ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பொட்டலம் அடுத்த வாரம்தான் என்றான்.

“அத நான் கேக்கல. ஏலே, அந்த ஹப்பு வாயில என்னத்தக் கொண்டு அடச்ச?”

தலையைச் சொறிந்தான். வியாழக்கிழமை பேத்தி வந்து சத்தம் வரக்கூடாது என்று கேட்டாளாம். உள்ளே சின்னச் சின்ன இரும்பு நாக்குகள் இருக்குமாம். சும்மா உருளும்போது பல்லில் தட்டித் தட்டி அதுதான் கத்துமாம். கெட்டியான கிரீஸை உள்ளே அப்பினால் நாக்கு மெதுவாக விழும், சத்தம் அமுங்கிவிடும். அவன் கொஞ்சம் அதிகமாகவே அப்பிவிட்டானாம். அதிகமானால் நாக்கு ஒட்டிக்கொண்டு, ஏற்றத்தில் மிதிக்கும்போது பிடிக்காமல் வழுக்கவும் செய்யும், பார்த்துப் போ என்று அவளிடம் சொல்லியும் இருக்கிறான். எதற்காகச் சத்தம் வேண்டாம் என்கிறாள் என்று இவன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும், பொட்டலம் கொண்டுவருகிறவன்தானே.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழம” என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. முந்தின நாள்தான் காவல்காரர் பஞ்சர் ஒட்ட அவன் கடைக்கு வந்திருக்கிறார். முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு ஒரு கரடி மூன்று நாளாகத் தோப்புப் பாதைக்கே வருகிறது, பகலானாலும் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவனும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே பஞ்சர் ஒட்டியிருக்கிறான். கிரீஸ் ஒரு பக்கம், கரடி ஒரு பக்கம், இரண்டும் அவன் மண்டைக்குள் தனித்தனியாகவே உட்கார்ந்திருந்தன.

அவள் போனுக்கு அடித்தான். மலையடிவாரத்தில் டவர் கிடையாது. கடையைத் திறந்து போட்டது போட்டபடி மொபெட்டை எடுத்தான். நான் பின்னால் ஏறினேன். வழக்கமாக அந்த வண்டியில் ஏறினால், இது போகிற வேகத்துக்கு நான் இறங்கி நடந்தே போயிருப்பேன் என்று அவனைக் கேலி செய்வேன். அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஓடின. இவள் ஏறிப் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், பாறையில் எவ்வளவு நேரம் உட்காருவாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் இறங்க ஆரம்பித்திருப்பாள் என்றே வந்தது.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் காவல்காரர் பாதை நடுவே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைப் பலமாக ஆட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். இன்ஜின் நின்றதும் விரலை உதட்டில் வைத்தார். அப்புறம் மேலே காட்டினார்.

பாதை ஏறி வளைகிற இடத்தில், கிளை சாய்ந்த ஒரு மாமரத்தடியில், கறுப்பாக ஒரு குவியல் அசைந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. பழத்தை உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்த வளைவுக்கு இடது பக்கம் ஆள் உயரக் கல்கட்டு. வலது பக்கம் ஓடை. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான்.

கத்திக் கூப்பிட நான் மூச்சை இழுத்தேன். காவல்காரர் என் தோளை அழுத்தினார்.

“மதினி, இங்கன இருந்து கத்துனா அது மேல ஓடும். மேல இருந்து பிள்ள வாரா.”

பேத்தி ஏறிப் போனபோது பாதையில் ஒன்றுமில்லையாம். இவர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பியதற்குள் இது வந்து உட்கார்ந்துவிட்டதாம். மிருகத்தை விரட்டப் போடுகிற வெடி அவர் இடுப்பிலேயே இருந்தது. அதையும் போட முடியாது. முள்வேலியைச் சுற்றி மேலே போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும், அதற்குள் அவள் வந்துவிடுவாள். மேலே இருந்து சத்தம் வந்தால் அது ஓடைக்குள் இறங்கிவிடும், எப்போதும் அப்படித்தான் இறங்குகிறது என்றார். பிள்ளையின் சைக்கிள்தான் நல்லாக் கத்துமே, செத்த நேரம் பொறுங்கள் என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

சைக்கிள் கடைக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“இப்பக் கத்தாது” என்றேன். “எனக்காக அத ஊமையாக்கிட்டாக.”

ஏன் என்று அவர் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. மோட்டார் ரூம் கதவைத் திறந்துவைத்துவிட்டு, கரடி கீழே திரும்பினால் உள்ளே போய்விடுங்கள் என்று சைகை காட்டினார். அப்புறம் மூன்று பேரும் நின்றோம்.

என் ஆயுசில் நான் பேசாமல் இருந்த நேரங்களைக் கூட்டினால் ஒரு நாள் தேறாது. புருஷன் செத்த அன்றைக்கே வந்தவர்களை இரண்டு தடவை சிரிக்க வைத்தவள். அங்கே என் நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். மோட்டார் தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம். கரடி உறிஞ்சுகிற சத்தம். குட்டி தாயின் முதுகில் ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். என் காது மட்டும் அந்த வளைவுக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. கேட்கவே கேட்காத ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பது போல வேறு தண்டனை கிடையாது. காற்றில் ஒரு மட்டை உரசினாலும் சக்கரமோ என்று நெஞ்சு குதித்தது. சக்கரமாக இருந்தால் கேட்காதே என்று அடுத்த நொடியே உறைத்தது. அவள் வளைவில் திரும்பும்போதுதான் கண்ணில் படுவாள். கரடிக்கும் அப்போதுதான் கண்ணில் படுவாள். வாசலில் வைத்து ஒரே ஒரு வார்த்தை. அதை விழுங்கிவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

சைக்கிள் கடைக்காரன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் நிறுத்தவில்லை.

கரடி தலையைத் தூக்கியது.

எங்கள் பக்கம் இல்லை, மேலே பார்த்துத் தூக்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது முன்னங்காலைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றது. காவல்காரர் வெடியை உள்ளங்கையில் இறுக்கினார். அப்புறம் எனக்கும் கேட்டது. சைக்கிள் இல்லை. மனுஷக் குரல். பொம்பளைப் பிள்ளைக் குரல், நன்றாகத் தொண்டை திறந்து, ஒரே சீராக யாரையோ ஏசிக்கொண்டு வந்தது.

“மல்லித்தூளுக்குப் பின்னால ஒரு டப்பா. தையல் மிசின் டிராயர்ல ஒரு பொட்டலம். சாமி படத்துக்குப் பின்னாலயும் ஒண்ணு, அந்தச் சாமிக்கு சுகர் வந்தா யாரு பாக்கது? எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. ரெண்டு மாசமா ஒரே உளுந்து, அதுல கல்லு இருந்ததே இல்ல...”

குட்டி தாவித் தாயின் முதுகில் ஒட்டிக்கொண்டது. கரடி அவசரமே இல்லாமல் திரும்பி ஓடைக்குள் இறங்கியது. புதர் அசைந்து அசைந்து தூரப் போய் நின்றது. அதற்கப்புறமும் அந்தக் குரல் நிற்கவில்லை. பழைய பவுடர் டப்பா, அரிசிப் பானை, என் மாற்றுச் சேலை மடிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆறு இடம் வைத்திருந்தேன். ஆறையும் சொல்லிவிட்டாள். காவல்காரர் முதல் நாலு இடத்துக்கு முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார்.

வளைவில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கால் பேண்ட் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. பாதி ஏற்றத்திலேயே மிதி வழுக்கிவிட்டதாம். எழுந்து நின்று மிதித்திருக்கிறாள், உள்ளே ஒன்றும் பிடிக்காமல் கால் சும்மா சுற்ற, கல்லின் மேல் விழுந்துவிட்டாள். பாறை வரைக்கும் போகவே இல்லை. வலி குறையட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நடந்தே இறங்கியிருக்கிறாள்.

கீழே நாங்கள் மூன்று பேர் நிற்பதைப் பார்த்ததும்தான் பேச்சை நிறுத்தினாள். காவல்காரர் மாமரத்தடியில் உறிஞ்சிப் போட்ட கொட்டைகளைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள். முகத்தில் நிறம் இறங்கியது. நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சைக்கிள் சத்தம் போடாதுன்னு தெரியும்லா. யார்கூடயாவது பேசிக்கிட்டு வரணும்னு தோணுச்சு. ஒங்கூடப் பேசுனேன் அம்மாச்சி.”

“வாசல்லயே சொல்லணும்னு நெனச்சேன் தாயி” என்றேன். “பால்கோவா மாட்டிக்கிருமேன்னு சொல்லல.”

இதைச் சிரிப்பாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு மாதிரி வந்துவிட்டது. அவள் என் கையைத் திருப்பி, மாதாமாதம் ஊசி குத்துகிற விரலைப் பிடித்துக்கொண்டாள். நானும் வாசலிலேயே கேட்டிருக்கலாம் அம்மாச்சி, நீ சொல்வாயா என்று பார்த்துக்கொண்டு நின்றேன் என்று கொஞ்சம் கழித்துச் சொன்னாள். ஆக இரண்டு பேரும் ஒரே ரத்தம்தான்.

அன்று மத்தியானமே சைக்கிள் கடைக்காரன் ஹப்பைப் பிரித்தான். மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி அந்தக் கிரீஸ் அம்புட்டையும் எடுத்தான். அந்த இரும்பு நாக்குகளை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினான், நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிசு. மெல்லிசாக ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டான். வெட்டுக்கிளிக் கூட்டம் திரும்பி வந்தது. கடைக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேத்தி என்னைப் பார்த்து, இப்போது திருப்திதானே என்று கண்ணால் கேட்டாள். எனக்குக் கொஞ்சம் அதிகத் திருப்தி. மல்லித்தூள் டப்பா ஞாபகம்கூட லேசாக வந்தது.

கழுவின கையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பாவி அவளிடம் ஒரு விஷயம் சொன்னான்.

“இதுக்குப் போயி கிரீஸ் எதுக்கு பாப்பா? மூலையில நிறுத்தாம வாசல் வரைக்கும் மிதிச்சுக்கிட்டே வந்தா சத்தமே வராதே.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எனக்குப் பொட்டலம் கொண்டுவந்தவன் வாயிலிருந்து இது வந்தது.

இப்போது சாயங்காலம் மில் மூலையில் ஒரு சத்தமும் கிடையாது. அந்த இறக்கத்தில் மெதுவாக, காலை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே வருகிறாள். எதிர்வீட்டுக்காரி அதற்கும் ஏதோ ரிப்பேர் போல என்று விசாரித்துவிட்டுப் போனாள். ஆறு இடமும் காலி. உளுந்தை ஒருவழியாக அரைத்துத் தோசை வார்த்தாகிவிட்டது. போன மாதம் விரலில் குத்தி எடுத்த ரத்தம் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறது. ஏழாவதாக ஒரு இடம் உண்டா என்று நீங்கள் கேட்டால் நான் ம் என்றுதான் சொல்வேன்.

ஞாயிறு காலையில் மட்டும் வேறு. புறப்படும்போது அவள் கொஞ்ச தூரம் மேட்டில் மிதித்து ஏறுவாள். மில் மூலைக்குப் போனதும், அந்தப் பக்கத்து இறக்கத்தில் வேண்டுமென்றே காலை நிறுத்துவாள். கரகரவென்று கிளம்பும். நான் வாசலில் நின்று, அது பெரிய ரோட்டு இரைச்சலுக்குள் அமுங்குகிற வரைக்கும் எண்ணுவேன். சில நாள் இருபதைத் தாண்டும்.